கருநாடக இசையில் வயலின் பிடிக்கும் முறை

கருநாடக இசையில் வயலின் பிடிக்கும் முறை என்பது, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து வயலின் இசைக்கும் கலைஞர், கருவியைத் தம் உடலில் இரண்டு இடங்களில் சார்த்தி வைத்து, இடக்கையைக் கருவியின் பாரத்திலிருந்து விடுவித்துக்கொள்ளும் முறையாகும். வயலினின் அடிப்பகுதி இடப்பக்கக் காறை எலும்பின் அருகே, மார்பின் மேற்பகுதியில் பொருந்துகின்றது. சுருள் எனப்படும் அதன் தலைப்பகுதி வலது பாதத்தின் கணுக்கால் அருகில் தங்குகின்றது. வலக்கை வில்லைப் பிடிக்கின்றது. தந்திகளின் மீது விரல்களை வைத்து நகர்த்துவது ஒன்றே இடக்கையின் வேலையாக எஞ்சுகின்றது.

ஐரோப்பாவில் உருவான வயலினைத் தென்னிந்திய இசைக்கலைஞர்கள் ஏற்றுக்கொண்டபோது கருவியின் உடலமைப்பைப் பெரிதாக மாற்றவில்லை. அதைப் பிடிக்கும் முறையும் தந்திகளின் சுருதியமைப்புமே மாற்றப்பட்டன. பார்ப்பவருக்கு இது தரையில் அமரும் வழக்கத்தால் ஏற்பட்ட மாற்றமாக மட்டும் தோன்றலாம். ஆயினும் கருநாடக இசையின் உயிர்நாடியான கமகங்களை வயலினில் எழுப்புவதற்கு இம்முறை பெரிதும் துணைபுரிகின்றது. கற்கும் மாணவர் தொடக்கத்திலேயே இதனைச் சரியாகப் பழகாவிடில், பின்னர் விரைவு, சுருதிச் சுத்தம், உடல்நலம் ஆகிய மூன்றிலும் இடர்ப்பட நேரிடும்.

வரலாறு

தென்னிந்திய இசையில் வயலினைப் புகுத்திய முன்னோடியாகப் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) கருதப்படுகின்றார். இவர் கருநாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி ஆவார். சென்னைப் பகுதியில் மணலி சமீன்தாரின் ஆதரவில் இவரது குடும்பம் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரிடம் வயலின் கற்றார். பின்னர் எட்டயபுரம் அரசவையில் இசைக்கலைஞராக விளங்கினார்.

தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தோர் முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்கள் ஆவர். இவர்களுள் வடிவேலு வயலினில் தேர்ச்சி பெற்றவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் (1813–1846) இவரைத் தம் அவையில் ஆதரித்து, 1834 ஆம் ஆண்டில் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

குரலிசைக்குத் துணையாக வயலின் நிலைபெற்றதற்கு அதன் ஒலியின் தன்மை முதன்மையான காரணம் ஆகும். மீட்டி இசைக்கும் கருவிகளில் எழும் ஒலி சிறிது நேரத்தில் தேய்ந்து மறையும். வில்லால் இசைக்கும் கருவியிலோ, வில் நகரும் வரை ஒலி நீடிக்கும். ஆகவே பாடகரின் குரலை நிழல்போலத் தொடர வயலினால் இயலும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயர் (1857–1913) போன்ற கலைஞர்களால் வயலின் முதன்மையான பக்கவாத்தியமாக உயர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் துவாரம் வெங்கடசுவாமி நாயுடு (1893–1964), மைசூர் சௌடையா (1895–1967), கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளை (1898–1970), லால்குடி செயராமன் (1930–2013), டி. என். கிருஷ்ணன் (1928–2020), எம். எஸ். கோபாலகிருஷ்ணன் (1931–2013) ஆகியோர் புகழ்பெற்று விளங்கினர். இவர்களின் பாணிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. எனினும் அனைவரும் தரையில் அமர்ந்து, கருவியின் தலையைப் பாதத்தில் தாங்கியே இசைத்தனர்.

குழித்துறையும் நவராத்திரி இசை மரபும்

வடிவேலு திருவிதாங்கூர் அவையில் இருந்த காலத்தில் குழித்துறை, பத்மநாபபுரம், சுசீந்திரம், நாகர்கோவில் ஆகிய ஊர்கள் அவ்வரசின் தென்பகுதியாக இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டுக் கன்னியாகுமரி மாவட்டம் ஆயிற்று. குழித்துறை, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில், தாமிரபரணி ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. குழித்துறை ஆறு எனவும் அழைக்கப்படும் இவ்வாறு திருநெல்வேலித் தாமிரபரணியினின்றும் வேறானது.

ஆண்டுதோறும் நவராத்திரியை முன்னிட்டுப் பத்மநாபபுரம் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருவுருவங்கள் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளச் செய்யப்படுகின்றன. இவ்வூர்வலம் முதல் நாள் இரவில் குழித்துறை மகாதேவர் கோயிலிலும், அடுத்த நாள் நெய்யாற்றின்கரையிலும் தங்கிச் செல்வது வழக்கம். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் சரசுவதியின் திருமுன் நடைபெறும் கச்சேரிகளில் சுவாதித் திருநாள் இயற்றிய ஒன்பது நவராத்திரிக் கீர்த்தனைகள் நாளுக்கு ஒன்றாகப் பாடப்படுகின்றன. அவற்றுக்கு வயலின் பக்கவாத்தியமாக அமைகின்றது. 1939 இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியிலும் வயலின் கற்பிக்கப்பட்டு வருகின்றது.

ஒரு கீர்த்தனையை விரிவான ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் ஆகியவற்றுடன் பாடும்போது, வயலின் கலைஞர் நெடுநேரம் ஒரே இருக்கையில் இருக்க வேண்டியுள்ளது. அத்தனை நேரமும் இடக்கை தளராதிருக்க வேண்டுமாயின், அது கருவியைத் தாங்கும் வேலையைச் செய்தல் கூடாது. அமரும் முறை, கையின் நிலை, விரலிடும் முறை ஆகிய அனைத்தும் இத்தேவையை ஒட்டியே அமைந்துள்ளன.

கருவியின் அளவு

முழு அளவு வயலினின் உடற்பகுதி ஏறக்குறைய 35.5 செ.மீ. நீளமும், சுருள் உட்பட முழுக் கருவி ஏறக்குறைய 60 செ.மீ. நீளமும் உடையது. பிருடைப் பக்கத்து மேட்டிலிருந்து குதிரை வரை அதிரும் தந்தியின் நீளம் ஏறக்குறைய 33 செ.மீ. ஆகும். கருவியின் எடை அரைக் கிலோகிராம் அளவினது. இவ்வெடை குறைவாகத் தோன்றினும், கழுத்துப் பகுதியை இரண்டு மணி நேரம் இடக்கையால் தாங்கினால் பெருவிரலின் அடித்தசையும் மணிக்கட்டும் களைத்துவிடும்.

சிறுவர்களுக்கு முக்கால், அரை, கால் எனச் சிறிய அளவுகளிலும் வயலின்கள் கிடைக்கின்றன. பொருந்தாத பெரிய கருவியை வைத்துக்கொள்ளும் சிறுவரின் இடக்கை மிகவும் நீள வேண்டியிருக்கும். பாதமும் சுருளுக்கு எட்டுமாறு வலிந்து நீட்டப்படும். ஆதலின் கைக்கேற்ற கருவியைத் தெரிவு செய்வது முதற்படியாகும்.

அமரும் முறை

1. தரையில் விரிப்பின் மீது சம்மணமிட்டு, முதுகை நிமிர்த்தி அமர வேண்டும். கால் மரத்துப்போகும் இயல்புடையோர் இடுப்பின் கீழ் மடித்த துணியை வைத்துச் சற்று உயர்ந்து அமரலாம்.

2. வலது காலைச் சிறிது முன்னே நகர்த்தி, பாதத்தின் உட்புறம் மேல்நோக்கி இருக்குமாறு வைக்க வேண்டும்.

3. வயலினின் சுருளை வலது கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் இடைப்பட்ட பகுதியில் வைக்க வேண்டும். எலும்பு உறுத்துமாயின் சிறு துணியை இடையில் வைத்துக்கொள்ளலாம். பிருடைகள் பாதத்தில் படலாகாது. பட்டால் சுருதி கலையும்.

4. கருவியின் அடிப்பகுதியை இடப்பக்கக் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே சார்த்த வேண்டும். பட்டுச் சட்டை, பட்டுப்புடவை போன்ற வழுக்கும் உடைகளில் கருவி நழுவும். ஆகவே சிலர் மெல்லிய இரப்பர் விரிப்பு அல்லது பருத்தித் துணியை அவ்விடத்தில் வைப்பர்.

5. இந்நிலையில் இடக்கையை முற்றிலும் எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கருவி அசையாமல் நின்றால் பிடி சரியானது. நழுவினால் பாதத்தின் தொலைவையோ, மார்பில் சார்த்திய இடத்தையோ மாற்ற வேண்டும்.

ஐந்தாவதாகக் கூறிய சோதனை மிகவும் இன்றியமையாதது. கை எடுத்தவுடன் கருவி சரியுமாயின், இசைக்கும்போது அதனைப் பிடித்திருப்பது இடக்கையே என்பது தெளிவாகும்.

இடக்கையின் நிலை

பெருவிரல்

வயலினின் கழுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அமைகின்றது. பெருவிரல் கழுத்தின் பக்கத்தை மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தால் போதுமானது. அது கை எந்த இடத்தில் உள்ளது என்பதை உணர்த்தும் அடையாளமாகப் பயன்படுகின்றது. பெருவிரலும் சுட்டுவிரலின் அடியும் சேர்ந்து கழுத்தை இறுக்கிப் பிடித்தால், மற்ற விரல்கள் விறைத்துவிடும். முழு உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டு மோதிர விரலை மட்டும் விரைவாக அசைக்க முயன்றால் இது எளிதில் விளங்கும்.

உள்ளங்கையும் மணிக்கட்டும்

உள்ளங்கை கழுத்தில் ஒட்டாமல், இடையே வெற்றிடம் இருக்க வேண்டும். மணிக்கட்டு முன்கையுடன் ஏறக்குறைய நேர்க்கோட்டில் அமைய வேண்டும். மணிக்கட்டு உள்நோக்கி மடிந்து உள்ளங்கை கழுத்தைத் தாங்குவது தொடக்கநிலை மாணவர்களிடம் பரவலாகக் காணப்படும் குறையாகும். இது கருவிக்கு ஒரு தாங்கி கிடைத்தது போன்ற உணர்வைத் தரும். ஆனால் கை மேலும் கீழும் நகர்வதை முற்றிலும் தடுத்துவிடும்.

முழங்கை

இடது முழங்கை விலாவில் ஒட்டாமலும், மிக விலகாமலும் தளர்ந்து தொங்க வேண்டும். தடித்த மந்திரத் தந்தியில் இசைக்கும்போது முழங்கை உடலின் நடுப்பகுதியை நோக்கிச் சற்று நகரும். மெல்லிய முதல் தந்திக்கு வரும்போது பழைய இடத்திற்குத் திரும்பும். தோள் காதை நோக்கி உயர்வது இறுக்கத்தின் முதல் அறிகுறியாகும்.

விரல்கள்

மேற்கத்திய முறையில் விரல் நுனிகள் பெரும்பாலும் செங்குத்தாகத் தந்தியில் இறங்குகின்றன. கருநாடக முறையில் விரல்கள் சற்றுச் சாய்ந்து, நுனியின் சதைப்பகுதி தந்தியில் படுமாறு வைக்கப்படுகின்றன. வழுக்கிச் செல்லும் ஒலிக்கு இதுவே ஏற்றது. தந்தியை விரற்பலகையில் பலமாக அழுத்தத் தேவையில்லை. ஒலி தெளிவாக எழும் அளவே போதுமான அழுத்தமாகும். நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.

விரல் எளிதில் வழுக்குவதற்காகச் சில கலைஞர்கள் தேங்காயெண்ணெயை விரல் நுனியில் சிறிதளவு தொட்டுக்கொள்வர். எண்ணெய், வில் படும் இடத்திற்கோ வில்லின் மயிருக்கோ பரவினால் வில் பிடிப்பை இழந்து ஒலி மங்கிவிடும். ஆதலின் இசைத்து முடித்தபின் தந்திகளையும் விரற்பலகையையும் உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும்.

சுருதியமைப்பும் விரல்களின் இடமும்

மேற்கத்திய இசையில் வயலினின் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று ஐந்தாம் சுர இடைவெளியில் அமைக்கப்படுகின்றன. கருநாடக இசையில் அவை தடித்த தந்தியிலிருந்து முறையே மந்திர சட்ஜம், மந்திர பஞ்சமம், மத்திய சட்ஜம், மத்திய பஞ்சமம் என அமைக்கப்படுகின்றன. அதாவது ச–ப–ச–ப என்பது இதன் அமைப்பாகும். முதல் இரு தந்திகளில் இடக்கை பழகிய விரல் அமைப்பையே அடுத்த இரு தந்திகளிலும், ஒரு தாயி மேலாக, அப்படியே பயன்படுத்த இயல்கின்றது.

தொடக்கப் பயிற்சிகளான சரளி வரிசைகள் மாயாமாளவகௌளை இராகத்தில் கற்பிக்கப்படுகின்றன. இம்முறையைப் புரந்தரதாசர் வகுத்ததாகக் கூறுவது மரபு. சட்ஜத் தந்தியின் நீளத்தை 33 செ.மீ. எனக் கொண்டால், பிருடைப் பக்கத்து மேட்டிலிருந்து சுரங்களின் தொலைவு கணக்கின்படி ஏறக்குறைய பின்வருமாறு அமையும்:

சுத்த ரிஷபம் – 21 மி.மீ.
அந்தர காந்தாரம் – 66 மி.மீ.
சுத்த மத்திமம் – 83 மி.மீ.
பஞ்சமம் – 110 மி.மீ.
மேல் சட்ஜம் – 165 மி.மீ.

வழக்கமாகச் சுட்டுவிரலால் ரிஷபமும், நடுவிரலால் காந்தாரமும், மோதிர விரலால் மத்திமமும் இசைக்கப்படுகின்றன. பஞ்சமம் அடுத்த தந்தியில் விரலிடாமலே ஒலிக்கும். ரிஷபத்திற்கும் காந்தாரத்திற்கும் இடையே 45 மி.மீ. தொலைவும், காந்தாரத்திற்கும் மத்திமத்திற்கும் இடையே 17 மி.மீ. தொலைவும் இருப்பதை மேற்கண்ட கணக்கிலிருந்து அறியலாம். ஆகவே முதற்பாடத்திலேயே இரண்டு விரல்கள் நன்கு விரியவும், அடுத்த இரண்டு விரல்கள் நெருங்கவும் வேண்டியுள்ளது. கழுத்தை இறுக்கிப் பிடித்த கையால் இவ்வாறு விரிய இயலாது. தொடக்க மாணவர்களின் காந்தாரம் பெரும்பாலும் சுருதி குறைந்து ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். இக்குறை காதின் பயிற்சியின்மையால் மட்டும் எழுவதன்று.

மேல் தாயியில் இத்தொலைவுகள் அனைத்தும் பாதியாகச் சுருங்குகின்றன. அங்கு ரிஷபத்திற்கும் காந்தாரத்திற்கும் இடைப்பட்ட தொலைவு 23 மி.மீ. அளவே ஆகும். மெட்டுகள் இல்லாத கருவியாதலால் இவ்வேறுபாட்டைக் கை தன் நினைவிலேயே வைத்திருக்க வேண்டும்.

கமகங்களும் இடக்கையின் விடுதலையும்

கருநாடக இசையில் பெரும்பாலான சுரங்கள் அசைந்தும், வழுக்கியும், அடுத்த சுரத்தைத் தொட்டும் ஒலிக்கின்றன. இவ்வாறான அசைவுகள் கமகங்கள் எனப்படுகின்றன. அவற்றுள் ஒரு சுரத்தை அசைப்பது கம்பிதம் எனவும், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வது சாரு எனவும் அழைக்கப்படும்.

எடுத்துக்காட்டாக, தோடி இராகத்தின் சாதாரண காந்தாரம் ரிஷபத்திற்கும் மத்திமத்திற்கும் இடையே அசைந்து ஒலிக்கின்றது. மேலே கூறிய அளவுகளின்படி இவ்விரு சுரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு 6 செ.மீ. அளவினது. ஒரே விரல் அத்தொலைவின் பெரும்பகுதியை நொடிப்பொழுதில் பலமுறை கடந்து மீள வேண்டியுள்ளது. சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை ஒரே தந்தியில் வழுக்கிச் செல்வதாயின் கை 16.5 செ.மீ. நகர வேண்டும். இது விரல்களை மட்டும் அசைத்துச் செய்யக்கூடியதன்று. முழங்கையிலிருந்து முன்கை முழுவதும் நகர்தல் வேண்டும்.

இவ்வாறு கை நகரும்போது அது தந்தியையும் கழுத்தையும் உரசிச் செல்வதால் கருவியையும் தன்னுடன் இழுக்கின்றது. கை மேல் தாயியை நோக்கி, அதாவது இசைப்பவரின் உடலை நோக்கி வரும்போது, கருவி மார்பின் மீது தள்ளப்படுகின்றது. மார்பு அதனைத் தடுத்து நிறுத்துகின்றது. கை சுருளை நோக்கி இறங்கும்போது கருவி பாதத்தை நோக்கித் தள்ளப்படுகின்றது. அங்குப் பாதம் அதனைத் தடுக்கின்றது. இவ்வாறு இரு முனைகளும் அடைக்கப்பட்டிருப்பதால், எத்திசையில் எவ்வளவு விரைவாகக் கை நகர்ந்தாலும் கருவி இடம்பெயர்வதில்லை. கருநாடக முறையின் சிறப்பு இதில் அடங்கியுள்ளது எனலாம்.

மேற்கத்திய முறையுடன் ஒப்பீடு

வயலினை மார்பில் சார்த்தி இசைப்பது ஐரோப்பாவுக்கும் புதியதன்று. இத்தாலிய இசைக்கலைஞர் செமினியானி 1751 ஆம் ஆண்டில் வெளியிட்ட வயலின் பயிற்சி நூலில், கருவியைக் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே சார்த்துமாறு அறிவுறுத்தினார். அக்காலத்தில் தாடைத்தாங்கி இல்லை. கழுத்துப் பகுதியின் பாரத்தை இடக்கையே ஏற்றது. கை கீழ்நோக்கி நகரும்போது கருவி மார்பிலிருந்து விலகிச் செல்லும் இடர் இருந்தமையால், கையைச் சிறிது சிறிதாக ஊர்ந்து நகர்த்த வேண்டியிருந்தது.

1820 ஆம் ஆண்டளவில் செருமானிய வயலின் கலைஞர் லூயி இசுப்போர் தாடைத்தாங்கியைப் புனைந்தார். கருவியைத் தாடைக்கும் தோளுக்கும் இடையே பிடித்துக்கொள்ள முடிந்ததால் இடக்கை பெருமளவு விடுதலை பெற்றது. பின்னர் தோள்தாங்கியும் பழக்கத்திற்கு வந்தது. ஆகவே இரு முறைகளும் இடக்கையை விடுவித்தல் என்னும் ஒரே சிக்கலுக்குக் காணப்பட்ட இரு வேறு தீர்வுகள் ஆகும். மேற்கத்திய முறை கருவியின் ஒரு முனையை மட்டும் பற்றிக்கொள்கின்றது. நின்றும் நாற்காலியில் அமர்ந்தும் இசைக்க அது ஏற்றது. ஆனால் கழுத்து, தோள் ஆகியவற்றின் தசைகள் ஓரளவு உழைக்க வேண்டியுள்ளது. கருநாடக முறை இரு முனைகளையும் தாங்குகின்றது. நின்று இசைக்க இது பயன்படாது. எனினும் தலையும் கழுத்தும் விடுபட்டிருப்பதால், வயலின் கலைஞர் பாடகரின் முகத்தையும் மிருதங்கக் கலைஞரின் கையையும் தடையின்றிப் பார்த்துக்கொண்டே வாசிக்க இயல்கின்றது.

இந்துத்தானி இசையில் வி. ஜி. ஜோக் (1922–2004), என். ராஜம் போன்ற வயலின் கலைஞர்களும் தரையில் அமர்ந்து இசைக்கும் முறையையே பின்பற்றியுள்ளனர்.

பிற நரம்பிசைக் கருவிகளுடன் ஒப்பீடு

வீணை

வீணையின் குடம் தரையிலும், சுரைக்குடுக்கை இடது தொடையிலும் தங்குகின்றன. இங்கும் கருவியின் பாரம் இடக்கையில் இல்லை. வீணையில் 24 மெட்டுகள் உண்டு. கமகங்களுக்காகத் தந்தி மெட்டின் மீது பக்கவாட்டில் இழுக்கப்படுகின்றது. ஆகவே வயலினை விடக் கூடுதலான விரல் அழுத்தம் தேவைப்படும்.

யுகலேலே

யுகலேலே அவாய்த் தீவுகளில் உருவான நான்கு தந்திக் கருவியாகும். போர்த்துகலின் மதீராத் தீவிலிருந்து 1879 ஆம் ஆண்டில் இராவன்சுகிரேகு என்னும் கப்பலில் ஒனலூலு வந்திறங்கிய குடியேறிகள் கொண்டுவந்த சிறு நரம்புக் கருவியிலிருந்து இது தோன்றியது. இதன் மிகச் சிறிய வகையின் தந்தி நீளம் வயலினின் தந்தி நீளத்தை ஒட்டியதே. ஆயினும் இதில் மெட்டுகள் இருப்பதாலும், பல தந்திகளை ஒருசேர அழுத்த வேண்டியிருப்பதாலும், கழுத்தின் பின்புறத்தில் பெருவிரல் எதிர்விசை தர வேண்டியுள்ளது.

யுகலேலேயின் உடற்பகுதி வலது முன்கையால் விலாவுடன் சேர்த்து அணைக்கப்படுகின்றது. அமர்ந்து இசைப்போர் அதனை மடியிலும் தாங்கலாம். நின்று இசைக்கும்போது வார் இல்லாவிடில் கழுத்தின் ஒரு பகுதிப் பாரம் இடக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே இறங்குகின்றது. அப்போது விரல் மாற்றங்கள் தாமதமாகின்றன. வாரினால் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டால் இச்சிக்கல் நீங்கும். வயலினுக்குப் பாதம் செய்யும் வேலையை யுகலேலேக்கு வார் செய்கின்றது.

கிதார்

கிதாரின் அகன்ற கழுத்தும் தந்திகளின் இழுவிசையும் கூடுதலான அழுத்தத்தை வேண்டுகின்றன. கிதார் பழகியபின் வயலின் கற்க வரும் மாணவர்கள், தந்தியைப் பலமாக அழுத்தும் பழக்கத்தையும் பெருவிரலால் எதிர்த்துத் தள்ளும் பழக்கத்தையும் உடன் கொண்டுவருவது இயல்பு. கோயில் கச்சேரிகளும் தேவாலயப் பாடற்குழுக்களும் அருகருகே உள்ள குழித்துறை போன்ற ஊர்களில் ஒரே மாணவர் இரு கருவிகளையும் பயில்வது அரிதன்று. இத்தகையோர் ஒவ்வொரு முறையும் கருவியை எடுத்தவுடன், கையை எடுத்துப் பார்க்கும் சோதனையைச் செய்து, பின்னரே வாசிக்கத் தொடங்குதல் நலம்.

பொதுவான இடர்ப்பாடுகளும் தீர்வுகளும்

பெருவிரலின் அடிப்பகுதியில் வலி: கழுத்தை இறுக்கிப் பிடிப்பதால் வருவது. பெருவிரலைக் கழுத்திலிருந்து முற்றிலும் எடுத்துவிட்டு, மற்ற விரல்களால் மட்டும் மெதுவாகச் சரளி வரிசை வாசித்துப் பழகுவது நல்ல தீர்வாகும்.

விரல் நுனியில் எரிச்சல்: தொடக்கத்தில் இயல்பானது. நாளடைவில் தோல் தடித்து இது குறையும். தோல் கிழியுமாயின் பயிற்சியை நிறுத்தி ஆற விட வேண்டும்.

கை வழுக்காமல் ஒட்டிக்கொள்ளுதல்: வியர்வையால் ஏற்படுவது. கையைத் துடைத்துக்கொள்வதும், விரலின் அழுத்தத்தைக் குறைப்பதும் உதவும்.

கருவி சுழன்று தந்திகள் வெளிப்புறமாகச் சாய்தல்: சுருள் பாதத்தில் சரியாகப் பொருந்தாமையால் ஏற்படுவது. கையால் திருப்பிப் பிடிக்க முயலாமல் பாதத்தின் கோணத்தை மாற்ற வேண்டும்.

முதுகு வளைதல்: இடக்கையின் விரல்களைக் கண்ணால் பார்த்தே வாசிக்கும் பழக்கத்தால் வருவது. சுர இடங்களைக் காதால் சரிபார்க்கப் பழக வேண்டும். இதற்குத் தம்புரா அல்லது சுருதிப்பெட்டியின் துணை இன்றியமையாதது.

விரல்களில் மரத்துப்போதல், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பரவும் வலி, ஓய்வுக்குப் பின்னும் நீங்காத வலி ஆகியவை பயிற்சியால் சரியாகக் கூடியவை அல்ல. வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பதை விடாமுயற்சி எனக் கருதுதல் தவறாகும். அந்நிலையில் வாசிப்பதை நிறுத்தி மருத்துவரை நாடுவதே தக்கது. ஆசிரியரும் பிடியை முதலிலிருந்து சரிபார்த்தல் வேண்டும்.

பயிற்சி முறை

தொடக்கநிலை மாணவர்கள் பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை வில்லைக் கீழே வைத்து, இடக்கையைத் தொங்கவிட்டுத் தளர்த்துவது பயன் தரும். சரளி வரிசைகளை முதற்காலத்தில் நன்கு வாசித்த பின்னரே இரண்டாம், மூன்றாம் காலங்களுக்குச் செல்ல வேண்டும். ஒரு தந்தியில் ஒரே விரலால் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை மெதுவாக வழுக்கி ஏறி இறங்குவது, முன்கையைத் தளர்வாக நகர்த்தப் பழக்கும் பயிற்சியாகும். இப்பயிற்சியின்போது கருவி சிறிதும் ஆடாமல் இருந்தால், மார்பும் பாதமும் தத்தம் வேலையைச் செய்கின்றன என்று கொள்ளலாம்.